நம்ம வீட்டு மட்டம் போதுமா? அளந்து பார்ப்போம்!



ஐப்பசி, கார்த்திகை வந்தாலே நம்ம கடலூர் மாவட்டத்துப் பெண்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என்று ஐந்து ஆறுகளும் நம்ம மாவட்டத்து வழியாகத்தான் கடலுக்குப் போகின்றன. மேற்கே எங்கே மழை பெய்தாலும் தண்ணீர் நம்ம வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். கடல் கொந்தளிப்பாக இருந்தால் "கடல் தண்ணி வாங்கலை" என்பார்கள். அப்போது வடிய வேண்டிய தண்ணீரும் வடியாமல் ஊருக்குள்ளேயே நிற்கும்.

குழுவில் கடன் வாங்கி வீடு கட்டுகிறோம். தொகுப்பு வீடு வந்தால் கூடுதலாகக் கைக்காசு போட்டு முடிக்கிறோம். ஆனால் பேஸ்மட்டம் எவ்வளவு உயரம் என்று மட்டும் நாம் கேட்பதில்லை. "ரோட்டுக்கு ரெண்டடி மேல இருந்தா போதும்மா" என்று கொத்தனார் சொன்னால் தலையாட்டிவிடுகிறோம். வீட்டுக்குள் ஒரு தடவை தண்ணீர் புகுந்தால் நெல், அரிசி, துணிமணி, பிள்ளைகளின் சான்றிதழ், தையல் மெஷின் எல்லாம் போகிறது. கடன் மட்டும் போகாது, மாதா மாதம் கட்டியாக வேண்டும்.

அதனால் இந்த மாதப் பாடம்: நம்ம வீடு வெள்ளத்துக்குத் தப்பும் உயரத்தில் இருக்கிறதா என்று நாமே அளந்து பார்ப்பது எப்படி? இதற்கு இன்ஜினியர் வேண்டாம். நான்கு பெண்கள், ஒரு ட்யூப், இரண்டு குச்சி போதும்.

ரோடு அளவுகோல் ஆகாது

ரோட்டை வைத்து வீட்டு உயரம் பார்ப்பது பழைய வழக்கம். ஆனால் ரோடு ஒரே உயரத்தில் நிற்பதில்லை. ஒவ்வொரு முறை புது ரோடு போடும்போதும் நாலு இஞ்ச், ஆறு இஞ்ச் ஏறுகிறது. இருபது வருஷத்துக்கு முன்னால் இரண்டு படி ஏறிப் போன வீடு, இன்று ஒரு படி இறங்கிப் போகும் வீடாக மாறியிருப்பதை நம்ம தெருவிலேயே பார்க்கலாம்.

பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும், வீடுகள் பள்ளத்தில் போகக் கூடாது என்று 2021-ஆம் ஆண்டு தமிழக அரசின் தலைமைச் செயலாளர் உத்தரவு அனுப்பினார். உங்கள் தெருவில் சுரண்டாமல் ரோடு போட வந்தால் இதைச் சொல்லிக் கேளுங்கள். கிராம சபையில் தீர்மானம் போடுங்கள்.

செல்போனில் கடல் மட்டத்துக்கு எத்தனை மீட்டர் உயரம் என்று காட்டுவதையும் நம்ப வேண்டாம். அது பல அடி கூடக் குறையக் காட்டும். நமக்கு வேண்டியது இஞ்ச் கணக்கு. கடலிலிருந்து எவ்வளவு உயரம் என்பதும் நம்ம கேள்வி இல்லை. வெள்ளம் நின்ற கோட்டுக்கு நம்ம வீட்டுத் தரை மேலேயா, கீழேயா? இதுதான் கேள்வி.

முதல் வேலை: வெள்ளக்கோட்டைக் கண்டுபிடிப்பது

உங்கள் தெருவில் இதுவரை வந்ததிலேயே பெரிய வெள்ளம் எந்த வருஷம்? சிலருக்கு 2005, சிலருக்கு 2015. தென்பெண்ணைக் கரை ஊர்களுக்கு 2024. அந்த வருஷம் ஃபெஞ்சல் புயல் மழையில் டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1 லட்சத்து 60 ஆயிரம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறந்தார்கள். சிதம்பரம் பக்கம் கொள்ளிடத்துத் திட்டு கிராமங்களுக்கு இன்னொரு கணக்கு. மேட்டூர் அணை நிரம்பி உபரித் தண்ணீர் வந்தால் ஆடி, ஆவணியிலேயே வீட்டுக்குள் தண்ணீர் வரும். 2018, 2022, 2024 ஆகஸ்டில் அப்படித்தான் வந்தது. நம்ம ஊரில் ஒரு பொட்டு மழை இருக்காது.

கோட்டைக் கண்டுபிடிக்க இப்படிச் செய்யுங்கள்:

1. பள்ளிக்கூடச் சுவர், கோயில் சுவர், ரேஷன் கடை, கரண்ட் கம்பம் ஆகியவற்றில் தண்ணீர் நின்ற கறை இருக்கிறதா என்று பாருங்கள். அலை அடித்துத் தெறித்த கறை உயரமாக இருக்கும். தண்ணீர் நின்ற கறை ஒரே மட்டமாகக் கோடு போட்ட மாதிரி இருக்கும். அதைத்தான் எடுக்க வேண்டும்.

2. ஊரில் வயதான மூன்று பேரைத் தனித்தனியாகக் கேளுங்கள். "பாட்டி, அந்த வெள்ளத்துல இந்தச் சுவத்துல தண்ணி எது வரைக்கும் நின்னுச்சு?" என்று இடத்தில் வைத்தே கேளுங்கள். வீட்டில் உட்கார்ந்து கேட்டால் "கழுத்தளவு" என்பார்கள். சுவர் பக்கம் நின்றால் கையை வைத்துக் காட்டுவார்கள். மூன்று பேர் காட்டியதும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அது சரியான கோடு. ஒன்றுக்கொன்று வித்தியாசமாக இருந்தால் உயரமானதை எடுங்கள்.

3. அந்த இடத்தில் பெயிண்டால் கோடு போட்டு வருஷத்தை எழுதுங்கள். அடுத்த தலைமுறைக்கும் உதவும்.

4. கோடு உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நடுவில் ரோட்டு மேடு, ரயில் பாதை, வாய்க்கால் கரை இருந்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்காது. உங்கள் பக்கத்துக் கோட்டைத்தான் எடுக்க வேண்டும். ரொம்ப தூரத்துக் கோடும் ஆகாது. ஓடும் தண்ணீர் மேற்கே உயரமாகவும் கிழக்கே தாழ்வாகவும் இருக்கும்.

ஊரின் பெயரும் சில சமயம் காட்டிக் கொடுக்கும். தாங்கல், மடு, பள்ளம் என்று பெயர் இருந்தால் ஒரு காலத்தில் அங்கே தண்ணீர் நின்றிருக்கிறது என்று அர்த்தம். புதிதாக மனை வாங்குபவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அது ஏரி, ஓடை, வாய்க்கால் புறம்போக்கா என்று பதிவேட்டில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

இரண்டாவது வேலை: ட்யூப் மட்டம் பார்ப்பது

கொத்தனார் வைத்திருக்கும் அதே லெவல் ட்யூப்தான். உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி 50 அடி ட்யூப் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். குழுவுக்கு ஒன்று வாங்கி வைத்தால் எல்லாருக்கும் ஆகும். கூடவே இரண்டு நேரான குச்சி வேண்டும். தையல் டேப்பை வைத்துக் குச்சியின் அடியிலிருந்து இஞ்ச் இஞ்சாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஆறடி உயரம் இருக்கட்டும்.

ட்யூபில் தண்ணீர் நிரப்புங்கள். இரண்டு சொட்டு நீலம் கலந்தால் மட்டம் நன்றாகத் தெரியும். முழுதும் நிரப்ப வேண்டாம், இரண்டு முனையிலும் ஒரு முழம் காலியாக இருக்கட்டும். உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் கணக்கு தப்பிவிடும். ட்யூபைத் தட்டித் தட்டிக் குமிழியை வெளியே தள்ளுங்கள். பிறகு இரண்டு முனையையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடியுங்கள். இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றால் ட்யூப் சரி.

தண்ணீர் தன் மட்டத்தைத் தானே காட்டும், ஒருபோதும் பொய் சொல்லாது. ஒரு முனை கோயிலடியிலும் மறு முனை வீட்டடியிலும் இருந்தாலும் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில்தான் நிற்கும். இதுதான் இந்த அளவின் ரகசியம்.

இப்போது அளப்போம்:

* ஒருவர் வெள்ளக்கோடு உள்ள சுவரடியில் தரையில் குச்சியை நேராக ஊன்றி, ட்யூப் முனையைக் குச்சியோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும்.
* இன்னொருவர் வீட்டு வாசலில் மண் தரையில் அதே மாதிரி பிடிக்க வேண்டும்.
* முனையை விரலால் மூடியிருந்தால் எடுத்துவிடுங்கள். மூடியிருந்தால் தண்ணீர் மட்டம் காட்டாது. ட்யூப் எங்கேயும் மடங்கியிருக்கக் கூடாது.
* தண்ணீர் ஆடி அடங்கியதும் இரண்டு பேரும் தண்ணீர் எத்தனையாவது இஞ்சில் நிற்கிறது என்று சொல்ல வேண்டும். மூன்றாமவர் நோட்டில் எழுத வேண்டும். நான்காமவர் ட்யூபை மாடு, சைக்கிள் மிதிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எண் பெரிதாக இருக்கும் இடம் பள்ளம். எண் சிறிதாக இருக்கும் இடம் மேடு. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

கோயில் சுவரில் வெள்ளக்கோடு தரையிலிருந்து 30 இஞ்ச் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

கோயிலடியில் ட்யூப் தண்ணீர் 50 இஞ்சில் நிற்கிறது. வீட்டு வாசலில் 44 இஞ்சில் நிற்கிறது. 50-இல் 44 போனால் 6. வீட்டு வாசல் கோயிலடியை விட 6 இஞ்ச் மேடு.

அப்படியானால் வெள்ளம் வந்தபோது வாசலில் நின்ற தண்ணீர்: 30 - 6 = 24 இஞ்ச், அதாவது 2 அடி.

வாசல் மண்ணிலிருந்து வீட்டுத் தரை 18 இஞ்ச் உயரம் என்றால், வெள்ளக்கோட்டுக்கு 6 இஞ்ச் கீழே இருக்கிறது. அதே வெள்ளம் மறுபடி வந்தால் வீட்டுக்குள் அரையடி தண்ணீர் நிற்கும்.

கோயில் 50 அடிக்கு மேல் தூரத்தில் இருந்தால் இரண்டு, மூன்று தப்படியாக அளக்கலாம். முதலில் கோயிலிலிருந்து நடுவில் ஒரு இடம் வரை. அங்கே ஒரு செங்கல்லை அழுத்தி வைத்து அதன் மேல் குச்சியை ஊன்றுங்கள். அடுத்த அளவையும் அதே செங்கல் மேலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். நகரும்போது மட்டும் இரண்டு முனையையும் விரலால் மூடிக்கொள்ளுங்கள். மேடு ஏறினால் கூட்டல், பள்ளம் இறங்கினால் கழித்தல். முதல் தப்படியில் 4 ஏற்றம், இரண்டாவதில் 3 இறக்கம், மூன்றாவதில் 5 ஏற்றம் என்றால் மொத்தம் 6 இஞ்ச் மேடு. நம்ம வரவு செலவுக் கணக்கு மாதிரிதான்.

கோட்டுக்கு மேலே எவ்வளவு வேண்டும்?

சுற்றுத் தரையிலிருந்து பேஸ்மட்டம் குறைந்தது 45 செ.மீ., அதாவது ஒன்றரை அடி இருக்க வேண்டும் என்று தேசியக் கட்டட விதி சொல்கிறது. அது வெள்ளம் வராத இடத்துக்கும் சேர்த்துச் சொன்ன பொதுவான அளவு. வெள்ளம் வரும் இடங்களில், தண்ணீர் நிற்கும் கோட்டுக்கு மேல் 60 செ.மீ., அதாவது 2 அடி உயரத்தில் வீட்டுத் தரை இருக்க வேண்டும் என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2008-இல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது.

"ஏன் ரெண்டடி? கோட்டுக்கு மேல ஒரு இஞ்ச் இருந்தா போதாதா?" என்று கேட்கலாம். அடுத்த வெள்ளம் பழைய கோட்டோடு நிற்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. அங்கே அதற்கு முன் போட்ட கணக்கெல்லாம் தண்ணீரில் போனது. அந்த 2 அடிதான் நமக்குச் சேமிப்பு, நெருக்கடிக்கு உதவும்.

மேலே போட்ட கணக்கில் வாசலில் வெள்ளம் 24 இஞ்ச். அதோடு 24 இஞ்ச் சேர்த்தால் 48. ஆக, வாசல் மண்ணிலிருந்து பேஸ்மட்டம் 4 அடி வேண்டும். இருப்பது 18 இஞ்ச். குறைவது 30 இஞ்ச், அதாவது இரண்டரை அடி.

புது வீடு கட்டுபவர்களுக்கு

கொத்தனாரிடம் இப்படிப் பேசுங்கள்:

"மேஸ்திரி அண்ணே, பேஸ்மட்டம் எவ்வளவு போடப் போறீங்க?"

"ரோட்டுக்கு ரெண்டடி மேல போட்டுடலாம்மா."

"ரோடு வேணாம் அண்ணே. கோயில் சுவத்துல வெள்ளக்கோடு இருக்கு. நாங்க ட்யூப் புடிச்சுப் பாத்துட்டோம். வாசல் மண்ணுலேருந்து நாலடி வரணும். நீங்களும் ஒரு தடவை புடிச்சுப் பாத்துட்டு நூல் கட்டுங்க."

எந்தக் கொத்தனாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். அளவு தெரிந்த வீட்டுக்காரம்மா என்று மரியாதைதான் கொடுப்பார்.

கவனிக்க வேண்டியவை:

* கடைக்கால் இயற்கையான கெட்டி மண்ணில்தான் உட்கார வேண்டும். புதிதாகக் கொட்டிய மண் மேல் சுவர் எழுப்பினால் மண் அமுங்கும்போது சுவர் வெடிக்கும்.
* உள்ளே கொட்டும் மண் கிராவல் அல்லது மணல் கலந்த மண்ணாக இருக்கட்டும். ஏரிக் களிமண் ஈரத்தில் உப்பி, வெயிலில் வெடிக்கும், தரையைத் தூக்கிவிடும்.
* மண்ணை ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. அரையடி கொட்டித் தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்கி, பிறகு அடுத்த அரையடி.
* 300 சதுர அடி வீட்டை இரண்டரை அடி உயர்த்த 750 கன அடி மண், அதாவது ஏழரை யூனிட். இறுக்கினால் அமுங்கும் என்பதால் கால் பங்கு கூடுதலாகச் சொல்ல வேண்டும். இந்தச் செலவைக் கடன் மனு எழுதும்போதே சேருங்கள். சுவர் எழுப்பிய பிறகு நினைத்தால் முடியாது.
* வீட்டுப் பக்கத்திலேயே பள்ளம் தோண்டி மண் எடுக்காதீர்கள். மழையில் அந்தக் குழி நிரம்பிக் குழந்தைகளுக்கு எமனாகும். பேஸ்மட்டத்து மண்ணையும் அரித்துவிடும்.
* ஒரு மாடி வீடானாலும் மொட்டை மாடிக்குப் படிக்கட்டு கட்டாயம் வையுங்கள். தண்ணீர் மீறி வந்தால் ஏறி உயிர் பிழைக்க அதுதான் வழி.
* கழிப்பறைத் தரையும் வெள்ளக்கோட்டுக்கு மேலே இருக்கட்டும். கீழே இருந்தால் வெள்ளத்தில் மலக்குழித் தண்ணீர் எதிர்த்து வீட்டுக்குள் வரும்.

ஏற்கனவே கட்டிய வீட்டுக்கு

கூரை உயரம் போதுமானதாக இருந்தால் உள் தரையை உயர்த்தலாம். நிலைவாசல் தலையில் இடிக்காமல் இருக்குமா என்று முதலில் பாருங்கள். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மண் சுவர், பெல்ட் கான்கிரீட் இல்லாத வீட்டை அப்படித் தூக்குவது ஆபத்து. இன்ஜினியர் பார்த்துச் சொல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

தரையை உயர்த்த வசதி இல்லை என்றால் பொருளை உயர்த்தலாம். மெயின் ஸ்விட்ச், பிளக் பாயின்ட் எல்லாவற்றையும் வெள்ளக்கோட்டுக்கு மேல் மாற்றச் சொல்லுங்கள். பத்திரம், ரேஷன் கார்டு, குழு நோட்டு, பாஸ் புத்தகம் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரணில் வையுங்கள். விதை நெல்லும் பரணுக்குப் போகட்டும். சுவருக்குள் அந்தக் கோட்டை வரைந்து வைத்தால் எது கோட்டுக்குக் கீழே இருக்கிறது என்று தினமும் கண்ணில் படும்.

நம்ம மேடு, அடுத்தவர் பள்ளமாகக் கூடாது

நாம் மனை முழுவதும் மண் கொட்டி உயர்த்தினால் நம்ம வாசலில் நின்ற தண்ணீர் எங்கே போகும்? பின் தெருவில் உள்ள நம்ம குழுப் பெண்ணின் குடிசைக்குத்தான் போகும். அதனால் வீடு நிற்கும் இடத்தை மட்டும் உயர்த்துங்கள். தண்ணீர் போகும் சந்தை அடைக்காதீர்கள். வாய்க்காலைத் தூர்த்துத் திண்ணை கட்டாதீர்கள். ஒரு தெருவே சேர்ந்து அளந்தால் எந்தப் பக்கம் தண்ணீர் வடிய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். வடிகால் தூர்வார கிராம சபையில் கேட்கும்போது நம்ம கையில் இஞ்ச் கணக்கு இருக்கும். இஞ்ச் கணக்கோடு கேட்பவரை யாரும் எளிதில் தட்டிக் கழிக்க முடியாது.

உயரம் மட்டும் போதாத இடங்கள்

ஓடை, ஆற்றங்கரை ஓரம் வேகமாக ஓடி வரும் தண்ணீர் சுவரையே பெயர்த்துவிடும். 2015 நவம்பரில் பண்ருட்டி பக்கம் பெரியகாட்டுப்பாளையம், விசூரில் ஓடையில் வந்த திடீர் வெள்ளம் வீடுகளை அடித்துக்கொண்டு போனது. உயிர்களும் போயின. கடலோரத்தில் புயல் அலைக்கும் இதே கதிதான். அங்கெல்லாம் பேஸ்மட்டத்தை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. வெளியேறச் சொன்னால் "எங்க வீடு நாலடி மேல இருக்கு" என்று நிற்காமல், வயதானவர்களையும் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அழைத்துக்கொண்டு பாதுகாப்பு மையத்துக்குப் போய்விடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. இதை எல்லா வீட்டுச் சுவரிலும் எழுதி வையுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள், செய்யுங்கள்

1. நம்ம தெருவில் பெரிய வெள்ளம் எந்த வருஷம்? கோடு எங்கே இருக்கிறது?
2. குழுவில் எத்தனை பேர் வீடு கோட்டுக்குக் கீழே இருக்கிறது? யார் வீடு ரொம்பப் பள்ளம்? மழை எச்சரிக்கை வந்தால் முதலில் அவர் வீட்டுக்கு யார் போவது?
3. வீட்டுக் கடன் கேட்கும் உறுப்பினரின் மனுவோடு "வெள்ளக்கோட்டுக்கு மேல் இத்தனை இஞ்ச்" என்று எழுதி வாங்கலாமா? தீர்மான நோட்டில் ஏற்றலாமா?
4. லெவல் ட்யூப் வாங்க ஆளுக்கு எவ்வளவு போடுவது? யார் பொறுப்பில் வைப்பது?

ஒவ்வொரு உறுப்பினருக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி இந்த மூன்று எண்களை மட்டும் எழுதுங்கள்: வாசலில் நின்ற வெள்ளம் எத்தனை இஞ்ச், இப்போது பேஸ்மட்டம் எத்தனை இஞ்ச், இன்னும் வேண்டியது எத்தனை இஞ்ச். புரட்டாசி முடிவதற்குள் எல்லார் வீட்டையும் அளந்துவிட வேண்டும். மழை இறங்கிவிட்டால் ட்யூப் பிடிக்க நேரம் இருக்காது.